எங்களுக்கு ஒரு வாகனம்

நான் ஊன்றி நடக்கும் பொல்லில் இரண்டு சிவப்புக் கோடுகள் இருக்கின்றன. கீழ்க்கோடு நிலத்திலிருந்து இருபத்தொரு இஞ்சி, மேற்கோடு இருபத்து நாலு. நகப்பூச்சால் நானே கீறியவை. ஒரு வாகனத்தின் சாரதி இருக்கை இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்தால் நான் ஒருத்தரின் கையையும் பிடிக்காமல் ஏறுவேன், இறங்குவேன். அதற்குக் கீழே போனால் இருந்த இடத்தை விட்டு எழும்ப முடியாது. மேலே போனால் குண்டி ஏறாது. வாகனங்களைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான். ஆனால் மூன்று மாதமாகக் கண்ட கண்ட ஆம்பிளைகள் எல்லாரும் எனக்கு மற்ற விஷயங்களைத்தான் படிப்பித்தார்கள்.

இடது கால் தொடையோடு இல்லை. அது போன கதையை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. பதினாறு வருடமாகச் செயற்கைக் காலோடு நடக்கிறேன். பெயர் கமலாசனி. வயது நாற்பத்தாறு. உருத்திரபுரத்தில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். கிளிநொச்சியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. கலியாணம் கட்டவில்லை. அந்தக் கதையும் வேண்டாம்.

காலையில் ஓட்டோக்காரன் வருவான். "அக்கா, ஒருக்கா நில்லுங்கோ" என்று சொல்லி என் கமக்கட்டுக்குள் கையை விட்டுத் தூக்கி உள்ளே வைப்பான். பின்னேரம் இன்னொருத்தன் அதே மாதிரித் தூக்கி வெளியே வைப்பான். நல்ல மனிசர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலு தரம் அன்னியக் கை கமக்கட்டுக்குள் வந்துபோனால் நல்ல மனிசர் மீதும் எரிச்சல் வரும். எனக்கு வந்தது. அதனால்தான் போன கார்த்திகையில் வைத்தியச் சோதனை, எழுத்துச் சோதனை, ஓட்டச் சோதனை எல்லாம் முடித்து சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஓட்டோமற்றிக் வாகனம் மட்டும் ஓடலாம். கிளச் மிதிக்கத்தானே இடது கால். கிளச் இல்லாவிட்டால் இடது காலுக்கு வாகனத்தில் ஒரு வேலையும் இல்லை. சோதனைக்கு வந்த அதிகாரியே இறங்கும்போது, "அம்மா, ரெண்டு காலுள்ளவங்கள் இப்பிடி ஓடுறாங்கள் இல்லை" என்றார்.

அனுமதிப்பத்திரம் கைப்பையில் இருந்தது. ஓடுவதற்கு வாகனம் இல்லை. தை மாதம் இடமாற்றக் கடிதம் வந்தது. ஏப்ரல் முதலாம் திகதி முல்லைத்தீவில் வேலை ஏற்கவேண்டும். இங்கிருந்து பரந்தனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து புதுக்குடியிருப்புப் பக்கத்தால் இன்னொரு பஸ், கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். பஸ் மிதிபலகை என் பொல்லின் கோடுகளை மதிக்கிற சாமான் இல்லை. ஒவ்வொரு தரமும் நடத்துநர் ஒருத்தரும் பயணி ஒருத்தருமாக என்னைத் தூக்கவேண்டும், சனம் முழுக்க யன்னலால் எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் வேலையை விடவேண்டும். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் இருந்தால் எனக்கு விசர்தான் பிடிக்கும்.

இதைத்தான் தம்பி சுகிர்தனிடம் சொன்னேன். என்னைவிட ஐந்து வயது இளையவன். கனடாவில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமன், மாமியோடு இருக்கிறான். அவனை அனுப்ப அப்பா மூன்று ஏக்கர் வயலை விற்றார். மற்ற மூன்று ஏக்கரை எனக்குச் சீதனமாக எழுதிவைத்தார்.

வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. வாகன இறக்குமதியும் இப்ப திறந்திட்டாங்கள். உந்த வயலை இனி வைச்சு என்ன செய்யிறது? குத்தகைக்காரன் தாற நெல்லு எந்த மூலைக்குக் காணும்? அதை வித்துப்போடுவம். காணாததை நான் போடுறன். எங்களுக்கு ஒரு வாகனம் எடுப்பம்."

அன்றைக்கு அவன் மீது வந்த பாசம் எனக்கே வெட்கமாக இருந்தது. "ஓமடா ராசா, எடுப்பம்" என்றேன். அழைப்பை வைத்ததும் குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் மேல் தலகணி, தலகணிக்கு மேல் பலகை என்று அடுக்கி, எந்த உயரத்தில் குந்தலாம், எந்த உயரத்தில் எழும்பலாம் என்று ஒரு பின்னேரம் முழுக்க அளந்து பார்த்தேன். கோடு கீறியது அன்றைக்குத்தான்.

அடுத்த நாளே தம்பி ஒரு பட்டியல் அனுப்பினான். பதினொரு வாகனம், ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு கட்டம். விலை, எஞ்சின், ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், பெட்டி வைக்கிற இடம், நிலத்திலிருந்து உயரம், நாலு பக்கக் காமரா, திரை எத்தனை இஞ்சி, கூரையில் கண்ணாடி இருக்கா இல்லையா. நான் இருபத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு 'இருக்கை உயரம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அடுத்த முறை பட்டியல் வந்தபோது அந்தக் கட்டம் அதில் இல்லை. தவறிவிட்டது என்று நினைத்தேன். பார்க்கப்போனால் அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

என்னைக் கூட்டிக்கொண்டு போக தம்பி தன்னோடு படித்த சுஜிதனை ஏற்பாடு செய்தான். சுஜிதனிடம் ஒரு பழைய வான் இருக்கிறது, வாடகைக்கு ஓடுகிறவன். போகும் இடமெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்து கனடாவுக்குக் காட்டுவதுதான் அவன் வேலை. நான் அந்தப் போனின் பின்னால் நிற்கும் ஆள்.

முதலில் கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரம் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனோம். இந்தியாவில் செய்த சின்னப் பெற்றோல் வாகனம், ஒரு கோடியே பதினைந்து இலட்சம். விற்கிறவன் என் பக்கம் திரும்பவே இல்லை. சுஜிதனுக்கு எஞ்சினைக் காட்டினான், போனுக்குத் திரையைக் காட்டினான். நான் கதவைத் திறந்து பொல்லை இருக்கையோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தேன். ஓடி வந்தான்.

"அக்கா, பொல்லை எடுங்கோ. பெயின்ற் கீறுப்படப் போகுது."

"கீறுப்பட்டா நான் காசு தாறன். உதின்ரை சீற் எவ்வளவு உயரம்?"

"நிலத்திலையிருந்து நூற்றித் தொண்ணூறு மில்லிமீற்றர் அக்கா. கிறவல் றோட்டு, வாய்க்கால் கட்டு எல்லாம் தட்டாமல் ஓடும்."

"தம்பி, நான் வாய்க்காலுக்குக் கீழை படுக்கப் போறதில்லை. சீற்றைக் கேக்கிறன்."

அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு மட்டுமில்லை, பிறகு போன ஒரு இடத்திலும் அது ஒருவனுக்கும் தெரியவில்லை. ஒரு கோடி, ஒன்றரைக் கோடி என்று விலை சொல்கிறவனுக்கு மனிசர் உட்காரும் இடம் எத்தனை இஞ்சி என்று தெரியாது. என் பொல்லுக்குத் தெரிந்தது. கீழ்க்கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

அடுத்தது சீனாவின் பற்றரி வாகனம், ஒரு கோடியே நாற்பத்தைந்து. ஒரு முறை சார்ஜ் போட்டால் நானூறு கிலோமீற்றர் ஓடுமாம். சொன்னால் யன்னல் திறக்குமாம். அதன் விற்பனையாளன் வாகனத்துக்குக் கட்டளை போட்டு யன்னலைத் திறந்து மூடிக் காட்டினான். இருக்கை உயரம் சரியாக வந்தது. ஆனால் கதவுக்குக் கீழே உள்ள படி ஒரு முழம் அகலம், அதைத் தாண்டிக் குந்த முதுகை வில்லாக வளைக்கவேண்டும். வளைத்தேன், வழுக்கினேன், கதவைப் பிடித்து நின்றுவிட்டேன்.

"ஆருக்கு அண்ணை வாகனம்?" என்று அவன் சுஜிதனைக் கேட்டான்.

"எனக்கு" என்றேன். அவன் கண் என் முகத்திலிருந்து காலுக்குப் போய் மறுபடி சுஜிதனிடம் போனது. "அப்ப றைவர் வைச்சிருக்கிறீங்களோ?" என்றான். பத்திக்கொண்டு வந்தது. "நீயே வாவன் றைவரா, யன்னல் திறக்க நல்லாத் தெரியுதே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் சுஜிதன் சிரித்துக்கொண்டு வந்தான். அந்தச் சிரிப்பை நான் கவனித்தேன். என்னோடு சேர்ந்து சிரிக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாசி நடுப்பகுதியில் வவுனியாவுக்குப் போனோம். யப்பானில் ஓடிவிட்டு வந்த வாகனங்களை நிறுத்தி விற்கும் இடம். விற்பவன் பெயர் றஜித், முல்லைத்தீவுக் கரைப் பக்கத்துப் பெடியன். என் பொல்லைப் பார்த்து, "உந்தக் கோடு என்னத்துக்கு அக்கா?" என்று கேட்ட ஒரே ஆள் அவன்தான். சொன்னேன். ஒன்றும் கதைக்காமல் பொல்லை வாங்கிக்கொண்டு வரிசை முழுக்க நடந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து அளந்து, சாம்பல் நிற வாகனம் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினான்.

இருபத்து மூன்று இஞ்சி. சின்ன ஹைபிரிட் வாகனம். ஒரு கோடியே இருபத்தெட்டு. ஏலத்தில் எடுத்தபோது யப்பான்காரன் எழுதிய தாளில் நாலரைப் புள்ளி, நல்ல வாகனத்துக்குப் போடும் புள்ளி. முதுகைக் காட்டி நின்று குந்தினேன். குண்டி சரியாக இருக்கையில் இறங்கியது. இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தேன். வலது கால் தானாக வந்தது. கதவைச் சாத்தினேன். ஒருத்தரும் என்னைத் தொடவில்லை. பத்துத் தரம் ஏறினேன், பத்துத் தரம் இறங்கினேன். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

போனில் தம்பி கத்தினான். "சுஜி, பின்னுக்குக் காட்டு. பெட்டி வைக்கிற இடத்தைக் காட்டு. உதுக்கை மூண்டு சூட்கேஸ் வராதடா. அக்கா, உது சரியான சின்னன். ஏழு பேர் இருக்கவேணும்."

அவன் ஏற்கெனவே பட்டியலில் ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தான். அதே வளவின் மறு பக்கத்தில் நின்றது. கறுப்பு, ஏழு இருக்கை, ஒரு கோடியே எழுபது. ஏழு பேர் என்றதும் நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமன், மாமி, நான். சரியாக ஏழு. ஆவணியில் அவர்கள் ஊருக்கு வரும்போது எல்லாரும் ஒன்றாகப் போகவேண்டும் என்று நினைக்கிறான், பாவம் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதனால் கறுப்பிலும் ஏறிப் பார்த்தேன். மேற்கோட்டுக்கு மூன்று விரல் மேலே இருந்தது. ஒற்றைக் காலில் எம்பினேன். குண்டி விளிம்பில் பட்டு வழுக்கியது. சுஜிதன் ஓடிவந்து கமக்கட்டுக்குள் கையை விட்டுப் பிடித்தான்.

"கையை எடு" என்றேன்.

"விழப்போனீங்கள் அக்கா."

"விழுந்தா விழுறன். கையை எடு." எடுத்தான். போனைப் பார்த்துச் சொன்னேன்: "தம்பி, இதிலை என்னாலை ஏறேலாது. சாம்பல்தான் சரி. மூண்டு சூட்கேஸையும் கூரையிலை கட்டு."

"படி பூட்டலாம் அக்கா."

"படி பூட்டினா நான் இன்னும் உயரத்துக்குக் காலைத் தூக்கவேணும். உனக்கு அது விளங்குதோ?"

"அப்ப ஒராள் ஏத்தி விடுறதுதானே. ரெண்டு கோட்டைப் பாத்து ஒண்டரைக் கோடிச் சாமான் வாங்கிறது எந்த ஊரிலை நடக்குது? ஆக்கள் கேட்டாச் சிரிப்பாங்கள்."

"சிரிக்கிறவன் வந்து என்னைத் தூக்கட்டும்."

அந்த வளவில் நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி குரலை இறக்கினான். "சரி சரி, யோசிப்பம் அக்கா. அவசரப்படாதேங்கோ. முதல்லை காணி அலுவலை முடியுங்கோ." அவன் இறங்கிவந்துவிட்டான் என்று நினைத்தேன். மார்ச் முதல் கிழமை நொத்தாரிசிடம் போய்க் காணி உறுதியில் கையெழுத்து வைத்தேன். மூன்று ஏக்கருக்கும் தொண்ணூறு இலட்சம், என் வங்கிக் கணக்குக்கு வந்தது. காணியைக் கடைசியாக ஒருக்கால் பார்க்கவில்லையா என்று வாங்கினவர் கேட்டார். பார்த்து என்ன செய்ய, வரம்பில் நான் நடக்கவா போகிறேன்?

அடுத்த புதன்கிழமை அலுவலகத்தில் இருக்கும்போது றஜித் போன் எடுத்தான்.

"அக்கா, கறுப்புக்கு அட்வான்ஸ் வந்திட்டுது. மிச்சத்தைத் தம்பி அனுப்புறாராம். உங்கடை தொண்ணூறையும் வெள்ளிக்கு முதல் போட்டீங்களெண்டாப் பதிவுக்குக் குடுத்திடலாம்."

"எந்தக் கறுப்பு?"

"ஏழு சீற். உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன். தம்பியின்ரை பேரிலைதான் பதியிறது. சுஜிதன் அண்ணைதான் ஓடுவாராம். அவையள் வராத நேரம் வெளிநாட்டு ஆக்களுக்கு வாடகைக்கு விடுறது எண்டு சொன்னவர்." பிறகு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, சாம்பல் இன்னும் நிக்குது. அதை வேற ஆள் கேக்குது. என்ன செய்ய?"

"குடு" என்றேன். என்னிடம் தொண்ணூறுதான் இருந்தது. தம்பி இல்லாமல் சாம்பல் எனக்கு எட்டாது.

அலுவலகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய்த் தம்பிக்கு எடுத்தேன். கனடாவில் அப்போது விடியவில்லை. எழும்பட்டும் என்று எடுத்தேன்.

"கறுப்பு எடுக்கிறியோ?"

"அக்கா, அது நான் உங்களுக்கு ஆறுதலாச் சொல்லுவம் எண்டு..."

"எங்களுக்கு ஒரு வாகனம் எண்டு சொன்னனீ."

"ஓம், எங்களுக்குத்தான்."

"அப்ப நான் எங்கை இருக்கிறது? ஏழு பேரிலை நான் எத்தினையாவது ஆள்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். அதுதான் என்னைக் கொன்றது. மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நாங்கள் நாலு பேர், மாமா, மாமி. ஓடுறதுக்குச் சுஜிதன். எங்களுக்கெண்டு சொன்னது எனக்கும் பிள்ளையளுக்கும் அக்கா. நீங்கள் அதை உங்களையும் சேத்து எண்டு விளங்கிப்போட்டீங்களோ?"

பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. 'நாம்' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் சேர்த்தி இல்லை. சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் வாயைத் திறந்து 'நமக்கு' என்று யார் சொல்கிறார்? சொன்னால் மேடையில் பேசுகிறான் என்று சிரிப்பார்கள். இந்தியாத் தொலைக்காட்சி நாடகத்தில்தான் 'நமக்கு, நம்ம வீடு' என்று கதைப்பார்கள். எங்களுக்கு எல்லாமே 'எங்களுக்கு'தான். உள்ளே இருக்கிறவனுக்கும் அதே சொல், வெளியே நிற்கிறவனுக்கும் அதே சொல். அந்த ஒரு சொல்லை நம்பி மூன்று ஏக்கர் வயலை விற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

"நான் முல்லைத்தீவுக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டேன்.

"நான் என்ன உங்களை விட்டிட்டனோ? ஓட்டோவுக்கு மாசாமாசம் காசு அனுப்புறன். இல்லாட்டி வேலையை விடுங்கோ, செலவுக்கு நான் தாறன். ஒரு காலை வைச்சுக்கொண்டு அவ்வளவு தூரம் வாகனம் ஓடுறது எண்டு நீங்கள் சொல்லேக்கை, நான் உங்கடை மனசு நோகக்கூடாது எண்டுதான் ஒண்டும் சொல்லேல்லை."

"எனக்கு லைசென்ஸ் தந்தவன் குருடனோ?"

"சும்மா ஒரு துண்டு தந்திருப்பான் அக்கா, பாவம் எண்டு."

"சுகிர்தன், காணி என்ரை."

"சீதனமா எழுதின காணி. கலியாணம் கட்டினாத்தானே சீதனம். நீங்கள் கட்டேல்லை. அப்ப அது பொதுக் காணிதானே, எங்கடை காணிதானே?"

எங்கடை. மறுபடியும் அதே சொல். இந்த முறை மட்டும் அதற்குள் என்னைச் சேர்த்துக்கொண்டான். என் காணி என்றால் எல்லாருக்கும் பொது, வாகனம் என்றால் அவனுக்கும் பிள்ளைகளுக்கும். அவன் சின்னனாக இருக்கும்போது சோறு குழைத்து ஊட்டிய கை இது. அவன் அப்போது பக்கத்தில் நின்றிருந்தால் அந்தக் கை ஒரு அறை விட்டிருக்கும். "கோதாரியிலை போவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு சைக்கிள்களுக்கு நடுவில் நின்று அழுதேன். ஆத்திரத்தில்தான் அழுதேன், ஆனால் அழுதேன்.

வெள்ளிக்கிழமை வந்து போனது. நான் ஒரு சதம் போடவில்லை. தம்பி பதினெட்டுத் தரம் எடுத்தான். சுஜிதன் வீட்டு வாசலுக்கே வந்து, "அட்வான்ஸ் எரிஞ்சுபோகும் அக்கா, எங்கடை ஆள் பாவம்" என்றான். "எங்கடை ஆளோ? உன்ரை ஆள்" என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன்.

தொண்ணூறுக்குள் என்ன வரும் என்று நானே போனில் தேடினேன். புதிது ஒன்றும் வராது. எட்டு வருடம், பத்து வருடம் ஓடியதுதான். நாலு இடத்தில் போனில் பேசினேன். முதல் கேள்வியாக இருக்கை உயரம் கேட்டதும் இரண்டு பேர் விசர் என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் விற்றுவிட்டேன் என்றான். நாலாவதாக முல்லைத்தீவில் டிலுசா என்று ஒரு பெண், ஆஸ்பத்திரித் தாதி, நியூசிலாந்துக்குப் போக இருக்கிறவள். "பொறுங்கோ அக்கா, அளந்து சொல்லுறன்" என்று சொல்லிப் போய், "இருபத்து நாலரை. ஆனா ஒரு பிடி இருக்கு, கீழை இறக்கலாம்" என்றாள். விலை எண்பத்தெட்டு.

ஓட்டோ பிடித்துப் போனேன். வாகனம் பழுத்த பூசணிக்காய் நிறம். பின்கதவில் ஒரு நெளிவு. திரை சின்னது, காமரா பின்னுக்கு ஒன்றுதான், கூரை வெறும் தகரம். தம்பியின் இருபத்திரண்டு கட்டத்தில் பதினைந்துக்கு மேல் இதற்கு 'இல்லை' என்றுதான் எழுதவேண்டும். டிலுசா வெளியே வந்தாள், தாய் சூசையம்மாவும் பின்னால் வந்தார்.

"ஆர் அக்கா ஓடப்போகினம்?" என்று டிலுசா கேட்டாள்.

அந்தக் கேள்வியில் எனக்குச் சினம் ஏறிவிட்டது. "ஏன், நிக்கிறது தெரியேல்லையோ? ஒரு கால் எண்டா வாகனம் ஓடக்கூடாது எண்டு சட்டமோ?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் அசையாமல் பார்த்தாள். "இல்லை அக்கா. ஓடப்போறவையின்ரை அளவுக்குச் சீற்றை இறக்கி வைப்பம் எண்டுதான் கேட்டனான்."

எனக்கு மண்ணுக்குள் போகலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டுப் பழக்கமும் இல்லை. "சரி, இறக்கு" என்றேன். இறக்கினாள். பொல்லை வைத்தேன். மேற்கோட்டுக்கு ஒரு விரல் கீழே. குந்தினேன், காலை எடுத்து வைத்தேன், கதவைச் சாத்தினேன், திறந்தேன், இறங்கினேன். சூசையம்மா உதவ வரப்போனார். டிலுசா தாயின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் விலையில் விடவில்லை. கதவு நெளிவுக்கு இரண்டு, ரயருக்கு ஒன்று, அந்த நிறத்துக்கு ஒன்று என்று நாலு குறைத்து எண்பத்து நாலுக்கு முடித்தேன். நிறத்துக்கு ஏன் குறைக்கவேண்டும் என்று அவள் சண்டை பிடித்தாள். "இந்த நிறத்தோடை ஊருக்குள்ளை ஓடப்போறது நான்" என்றேன்.

காசும் பத்திரமும் கைமாற ஒரு கிழமை எடுத்தது. மார்ச் முடிய இரண்டு நாள் இருக்கும்போது முல்லைத்தீவிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். புதுக்குடியிருப்பு வரைக்கும் வேகம் நாற்பதுக்கு மேல் போகவில்லை. விசுவமடுவில் ஒரு மாட்டுக் கூட்டத்துக்கு ஹோன் அடித்து வழி எடுத்தேன். பரந்தன் சந்தியில் சுஜிதனின் வான் எதிரே நின்றது. அவன் வாயைத் திறந்தபடி போனைத் தூக்கிப் படம் எடுத்தான். நன்றாக எடுக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்துக் கொடுத்தேன்.

தம்பி அன்றைக்கு எடுக்கவில்லை, அடுத்த நாளும் எடுக்கவில்லை. ஏப்ரல் முதலாம் திகதி காலை எட்டு மணிக்கு முன்னே நான் முல்லைத்தீவு அலுவலக வளவுக்குள் வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன். காவலாளி, காலை இழுத்துக்கொண்டு இறங்கப்போகிற பெண்ணைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டியபடி ஓடி வந்தார். சரியாக அப்போது போன் அடித்தது. அவரைப் பொறுங்கோ என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தேன்.

"படம் பாத்தனான்" என்றான் தம்பி. "உது என்ன கோதாரி நிறம்?"

"பூசணிக்காய் நிறம்."

"அட்வான்ஸ் போயிட்டுது, தெரியுமோ? என்ரை அஞ்சு இலட்சம் போயிட்டுது. மாமி ஒவ்வொரு நாளும் கேக்கிறா, உங்கடை அக்கா ஏன் இப்பிடிச் செய்தவா எண்டு. நான் என்ன மறுமொழி சொல்ல?"

பக்கத்து இருக்கையில் கிடந்த பொல்லை எடுத்தேன்.

"ஆவணியிலை பிள்ளையளோடை வந்து எதிலை ஏறுறது? எங்களுக்கு எண்டு வைச்ச காசிலை நீங்கள் ஆரைக் கேட்டு வாகனம் எடுத்தனீங்கள்?"

"எங்களுக்குத்தான் எடுத்தனான்" என்றேன்.

அவன் குரலில் ஒரு பிடி இளகியது. எனக்குக் கேட்டது. மூன்று மாதத்துக்கு முன்னர் என் குரலும் இப்படித்தான் இளகியிருக்கும்.

"எங்களுக்கு எண்டா?" என்று கேட்டான்.

"எனக்கும் காலுக்கும்."

போனைக் கைப்பைக்குள் போட்டேன். காவலாளி இன்னும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் விலகி நில்லுங்கோ என்று அவருக்குச் சொல்லிவிட்டு இறங்கினேன்.